இடம்பெயர்ந்த மாதா

போன சித்திரையில் காடாம்புலியூர் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். முந்திரி வறுக்கும் புகை தெருவெல்லாம் அடைத்துக் கிடக்கிற மாதம். பண்ருட்டி மேஸ்திரி ஒருவர் நான்கு பேரை அழைத்து வந்தார். அதில் மூன்று பேர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறவர்கள். 2021 வரைக்கும் அதற்கு அகதிகள் முகாம் என்று பெயர். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் ஆண்களில் நிறையப் பேருக்குப் பெயின்ட் வேலைதான் சோறு போடுகிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கலாம்.

மூவரில் மூத்தவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். சாரத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சிலுவை போட்டுக்கொண்டு சட்டைப் பையைத் தொட்டுக்கொள்வார். பதினோரு மணி டீக்கு இறங்கியபோது கேட்டேன். பையிலிருந்து லேமினேட் செய்த சின்னப் படத்தை எடுத்துக் காட்டினார். நிறம் வெளிறிப்போன மாதா, கையில் குழந்தை.

"வேளாங்கண்ணியாண்ணா?"

"இல்லத் தம்பி, இது மடு. மன்னாரில இருக்கிற எங்கட மடு மாதா."

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் இருந்ததில் அவர் பேச்சில் இரண்டு கரைத் தமிழும் கலந்து கிடந்தது. 1990இல் எட்டு வயசில் பேசாலையிலிருந்து படகேறி வந்திருக்கிறார். தனுஷ்கோடி, மண்டபம் முகாம், பிறகு கடலூர் மாவட்டம். கதையை அவ்வளவு சுருக்கமாக முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்:

"நாங்க வெளிக்கிட்டுப் பதினெட்டு வருஷம் கழிச்சு மாதாவும் வெளிக்கிட்டவா. அவவும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவதான்."

சாமி இடம்பெயர்வது எங்கள் பக்கத்துக்குப் புதுசில்லை. 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் வந்த பிறகு சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து எழும்பின ஊர்களைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவன் நான். குலசாமிக் கல்லைத் துணியில் சுற்றி எடுத்துப் போன கதைகளை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அங்கே துரத்தியது சுரங்கம். பீரங்கி துரத்தி ஒரு மாதா கிளம்பிப் போனாள் என்பது எனக்குப் புதுசு. போர் நடந்த நாட்டில் ஜனங்கள் எப்படி செபமாலையைக் கைவிடாமல் இருந்தார்கள் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

2008ஐப் புரிந்துகொள்ள முந்நூற்று ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மடு மாதா அப்போது கிளம்பியது முதல் தடவை இல்லை.

மன்னாரில் கிறிஸ்தவம் ரத்தத்தோடுதான் ஆரம்பிக்கிறது. தூத்துக்குடிக் கரையில் பிரான்சிஸ் சேவியர் பரதவர்களிடையே இருந்த காலத்தில் மன்னார்க்காரர்கள் அவரை அழைத்தார்கள். அவரால் போக முடியவில்லை, வேறொரு குருவை அனுப்பினார். நிறையப் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி படையோடு வந்து சுமார் 600 பேரைக் கொன்றான் என்பது மரபு வழியாக வந்த கணக்கு. இவர்கள் போர்த்துக்கீசியர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் அதற்குப் பின்னால் இருந்தது. கொன்றவனும் தமிழன், செத்தவர்களும் தமிழர்கள். அந்தத் தீவில் கிறிஸ்தவ நம்பிக்கையை அரசியலிலிருந்து பிரித்துப் பார்க்க முதல் நாளிலிருந்தே வழி இல்லை.

அடுத்து வந்த துன்பம் கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்தது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போயின. இலங்கையில் ஒல்லாந்தர் என்பார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள், கத்தோலிக்கத்தைப் போர்த்துக்கீசியரின் மிச்சமாகப் பார்த்தவர்கள். குருமார்களை வெளியேற்றினார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். கோயில்கள் அவர்களுடைய சபைக் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின.

அந்தச் சமயத்தில் மாந்தையில் ஒரு மாதா சொரூபம் இருந்தது. 1670 வாக்கில் இருபது குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின என்று சொல்வார்கள். கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் மருதமடு. யானையும் பாம்பும் உள்ள வன்னிக் காடு. பாம்புக்கடிக்கு மடுக் கோயில் மண் மருந்து என்ற நம்பிக்கை இன்றைக்கும் உண்டு. காட்டுக்குள் அடைக்கலம் தேடினவர்களுக்கு முதலில் தேவைப்பட்ட மருந்தே அதுதானே!

இதில் என்னை நிறுத்தியது வேறு ஒரு விஷயம். 1658இலிருந்து 1687 வரை, கிட்டத்தட்ட முப்பது வருஷம், இந்த ஜனங்களுக்கு நிலையாக ஒரு குரு கிடையாது. பூசை இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. பிறந்த பிள்ளைக்குக் கலியாணம் ஆகும் வயது வரும்வரை ஒரு சுவாமியாரைக் கண்ணால் பார்க்காத தலைமுறை ஒன்று வளர்ந்திருக்கிறது. அவர்களிடம் மிஞ்சியது வீட்டில் சொல்லும் செபமும், ஒளித்து வைத்த சொரூபங்களும்தான்.

1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற குரு, கூலியாள் வேஷத்தில் தூத்துக்குடியிலிருந்து படகேறி யாழ்ப்பாணம் வந்தார். பயணத்தில் கடுமையாக நோயுற்றார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார், அதைப் பார்த்து எந்த வீட்டின் முகம் மாறுகிறது என்று கவனித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். முப்பது வருஷம் கழித்தும் முகம் மாறின வீடுகள் இருந்தன. சில்லாலையில் தங்கி இரவுகளில் பூசை வைத்தார். பிறகு கண்டிக்குப் போனார். அங்கே முதலில் போர்த்துக்கீசிய உளவாளி என்று சிறையில் போட்டார்கள், பின்னால் அந்தப் பௌத்த அரசனே அவருக்குச் சுதந்திரம் கொடுத்தான். கிறிஸ்தவர்கள் துரத்திய குருவுக்குப் பௌத்த ராஜ்யம் நிழல் கொடுத்திருக்கிறது. 1711இல் கண்டியிலேயே இறந்தார்.

பெயின்டர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவருக்கு வருஷங்கள் தெரியாது, ஆனால் கதை தெரிந்திருந்தது. "சுவாமி இல்லாட்டிலும் செபமாலை சொல்லலாம்தானே. அதுக்கு என்ன வேணும், பத்து விரல்" என்றார்.

*

காட்டுக் கொட்டிலாக இருந்த மடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவின் பெரிய யாத்திரைத் தலமாகிறது. இன்றைக்கு நாம் பார்க்கிற கோயிலின் வேலை 1872இல் ஆரம்பித்தது. 1924 ஜூலை 2இல் மாதாவுக்கு முடிசூட்டு விழா நடந்தது. ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் ஜனங்கள் மாட்டு வண்டி கட்டி வந்தார்கள். காட்டுக்குள் பந்தல் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, நாள்கணக்கில் தங்கினார்கள்.

வந்தவர்களில் பாதிக்குப் பாதி தெற்கிலிருந்து வந்த சிங்களக் கத்தோலிக்கர்கள். நீர்கொழும்பு, சிலாபம் மீனவக் குடும்பங்கள். சைவக்காரர்களும் வந்தார்கள். இலங்கை மக்கள்தொகையில் கத்தோலிக்கர் ஆறு ஏழு சதவீதம்தான், ஆனால் தமிழரும் சிங்களவரும் ஒரே பூசையில் முழங்காலிடுகிற பெரிய அமைப்பு அந்த நாட்டில் அது ஒன்றுதான். இரண்டு மொழியிலும் பாட்டு, இரண்டு மொழியிலும் பிரசங்கம். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு 1983 வந்தது. யுத்தம் மன்னாரைச் சீக்கிரமே தொட்டது. 1984 டிசம்பரில் மெதடிஸ்ட் போதகர் ஜார்ஜ் ஜெயராஜசிங்கம் மன்னாரில் கொல்லப்பட்டார். அடுத்த மாதம், 1985 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று, வங்காலையில் பங்குக் குரு மேரி பஸ்தியன் சுட்டுக் கொல்லப்பட்டார். ராணுவம் அவர் உடலைக் கொண்டுபோய்விட்டது என்று ஊர் ஜனம் சொன்னது. அடக்கம் செய்ய உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாத சாவு என்பது அந்த ஜனங்களுக்கு அப்போது புதிது. இன்னும் கால் நூற்றாண்டில் அது பழகிப்போகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டபோது ஐ.நா. அகதிகள் ஆணையம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண மையங்களை அமைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மடுக் கோயிலைச் சுற்றிக் கொட்டில் போட்டன. திருவிழாவுக்குப் பந்தல் போட்டுப் பழகின ஜனம், இப்போது அதே மரத்தடியில் வருஷக்கணக்கில் குடியிருந்தது. எங்கள் பெயின்டரின் குடும்பம் கடல் பக்கம் போனது. அவருடைய சித்தப்பா குடும்பம் காட்டுப் பக்கம், மடுவுக்குப் போனது. ஒரே ராத்திரி எடுத்த முடிவு. அந்த இரண்டு குடும்பங்களும் அதற்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவே இல்லை.

அதே 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் அதில் அடக்கம். இடம்பெயர்வைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர்களுடைய பள்ளிவாசல்களும் பூட்டிக் கிடந்தன. அவர்களுடைய தொழுகையும் புத்தளத்துக் கொட்டில்களுக்கு இடம்பெயர்ந்தது.

*

யுத்தத்தில் கோயில் என்றால் ஜனங்களுக்கு முதலில் ஒரே அர்த்தம்தான்: குண்டு விழாத இடம். பெரிய சுவர், உயரமான கோபுரம், மேலிருந்து பார்த்தாலும் தெரியும் சிலுவை. இங்கே போடமாட்டார்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஒவ்வொன்றாக உடைந்ததுதான் அடுத்த பதினைந்து வருஷ வரலாறு.

1995 ஜூலை 9. யாழ்ப்பாணம் நவாலி. ராணுவத்தின் முன்னேற்றத்திலிருந்து ஓடிவந்தவர்கள் புனித பேதுருவானவர் கோயிலிலும் பக்கத்து முருகன் கோயிலிலும் தங்கியிருந்தார்கள். விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

1999 நவம்பர் 20. மடு. புலிகளின் 'ஓயாத அலைகள்' தாக்குதல் நடந்துகொண்டிருந்த மாதம். கோயில் வளாகத்துக்குள்ளேயே எறிகணை விழுந்தது. ஏறக்குறைய நாற்பது பேர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். இரண்டு தரப்பும் மற்றவர்மேல் பழி போட்டார்கள்.

2006 ஜூன் 17. பெயின்டர் அண்ணனின் சொந்த ஊரான பேசாலை. கடற்படைக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டைக்குப் பயந்து ஜனங்கள் வெற்றி மாதா கோயிலுக்குள் இருந்தபோது உள்ளே கைக்குண்டு வீசப்பட்டது. ஒரு பெண் இறந்தார், பலருக்குக் காயம்.

2006 ஆகஸ்ட் 13. தீவகத்தில் அல்லைப்பிட்டி. பிலிப்பு நேரியார் கோயிலில் அடைக்கலம் இருந்தவர்கள்மேல் எறிகணை. பங்குக் குரு ஜிம் பிரவுன் காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழிவிடச் சொல்லிக் கடற்படையிடம் கெஞ்சினார். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20, அவரும் உடன் சென்ற ஒருவரும் காணாமல்போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

இந்த வரிசையைப் படித்து முடித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த தடவை அண்ணன் மிச்சம் கிடந்த ஜன்னல் வேலைக்கு வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். "கோயிலுக்குள்ளேயே குண்டு விழுந்திருக்கு. பிறகும் எப்படிண்ணா கும்பிட முடியுது?"

கொஞ்ச நேரம் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கட அண்ணன் விட்டுட்டார் தம்பி. பேசாலைக் கோயில் விசயம் போன்ல கேட்ட அன்றையோட. இப்ப பூசைக்கு வாறதில்ல. நான் அவரைக் குறை சொல்லமாட்டன்." பிறகு, "எனக்கு என்னெண்டால், குண்டு விழாமக் காப்பாத்தச் சொல்லி மட்டும் கும்பிட்டால் நானும் அன்றைக்கே விட்டிருப்பன். அழுறதுக்கு ஒரு ஆள் வேணுமே" என்றார்.

நிறையக் குடும்பங்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரே வீட்டில் ஒருவர் விட்டுவிட்டார், ஒருவர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் முகாமுக்கு வந்த பெந்தகொஸ்தே சபைக்குப் போனார். யுத்தம் ஜனங்களைப் பக்தர்களாக்கியது என்று சொன்னாலும் பாதிதான் உண்மை, நாத்திகர்களாக்கியது என்று சொன்னாலும் பாதிதான் உண்மை.

*

2007 கடைசியிலிருந்து மன்னார்ப் போர்முனை மடுவை நோக்கி நகர்ந்தது. கோயில் புலிகளின் பகுதியில் இருந்தது, ராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது. 2008 ஜனவரி 29இல் மடுவுக்குப் பக்கத்தில், தட்சணாமடுவில், பள்ளிப் பிள்ளைகள் போன பஸ் கிளைமோரில் சிக்கிப் பிள்ளைகள் பலர் இறந்தார்கள்.

அப்போது மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். நெடுந்தீவுக்காரர், 1940இல் பிறந்தவர், 1992இலிருந்து ஆயர். மடுவைச் சுற்றி ஆயுதமில்லாத பகுதியாக ஒத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டே இருந்தவர். நடக்கவில்லை. எறிகணைகள் கோயில் வளாகத்திலேயே விழ ஆரம்பித்தன. ஜனங்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தது சில குருமாரும் சொரூபமும்.

2008 ஏப்ரல் 3 அன்று மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் மடுவை விட்டுக் கிளம்பினார்கள். போன இடம் கரையோரத் தேவன்பிட்டி.

இதைத் தெற்கில் அரசாங்கத் தரப்பு வேறு மாதிரிப் பேசியது. மாதாவைப் புலிகளின் பகுதிக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள் என்று சண்டை போட்டார்கள். யார் சொல்லி எடுத்தது, எந்தத் திசையில் போயிருக்க வேண்டும் என்றெல்லாம் அறிக்கைகள் வந்தன. ஜனங்கள் போன திசையில்தான் மாதா போனாள் என்பது எனக்கு அந்தச் சண்டையைவிட முக்கியமாகப் படுகிறது. 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்கு வந்த அதே சொரூபம், 338 வருஷம் கழித்து மறுபடி வண்டியேறியது. தேவன்பிட்டியில் வெறும் பாயில் படுத்திருந்த ஜனங்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? நம்மைக் காப்பாற்ற வேண்டியவள் தன்னையே காப்பாற்றிக்கொள்ள ஓடிவந்திருக்கிறாள் என்று மனசு விட்டுப்போயிருக்கலாம். அப்படி நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் என் காதில் விழுந்தது பெயின்டரின் வாக்கியம்தான். அவவும் எங்களைப் போல.

ஏப்ரல் கடைசியில் மடுக் கோயில் ராணுவத்தின் கைக்கு வந்தது. ஆகஸ்டில் சொரூபம் திரும்பி வந்தது. அந்த வருஷம் ஆவணித் திருவிழாவுக்குக் கூட்டம் இல்லை. சொரூபம் திரும்பிவிட்டது, அதைக் கும்பிட்ட ஜனம் திரும்பவில்லை. அவர்கள் எதிர்த் திசையில், கிளிநொச்சிக்கும் அதைத் தாண்டி முல்லைத்தீவுக்கும் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவும் சித்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மாதா போய்ச் சேர்ந்த ஊர்வரை அவர்களைப் பற்றித் தகவல் உண்டு. அதற்குப் பிறகு ஒரே ஒரு போன்.

*

ஜனங்களோடு குருமார் சிலரும் கன்னியாஸ்திரிகளும் போனார்கள். நிவாரணப் பொருள் கொண்டுபோன பாக்கியரஞ்சித் அடிகள் 2007 செப்டம்பரில் கிளைமோரில் இறந்திருந்தார். மனித உரிமைக் கணக்கெடுப்பு வேலையில் இருந்த கருணாரத்தினம் அடிகள் 2008 ஏப்ரலில் அதே மாதிரி இறந்தார். அப்படியிருந்தும் மற்றவர்கள் வெளியே வரவில்லை.

2009இன் முதல் மாதங்களில் லட்சக்கணக்கான ஜனம் கடலுக்கும் நந்திக்கடல் களப்புக்கும் நடுவிலிருந்த மணல் துண்டில் ஒடுங்கிக் கிடந்தது. பதுங்குகுழி தோண்டச் சேலையில் மண் கட்டினார்கள். வலைஞர்மடத்தில் ஒரு கோயில் இருந்தது. புலிகளின் கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பயந்த பிள்ளைகளை அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார்கள். புலிகள் அந்தக் கோயிலிலிருந்தே நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி முள்ளிவாய்க்காலுக்குக் கொண்டுபோனார்கள். ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையிலும் இது இருக்கிறது. வெளியே இருந்து வந்த எறிகணை மட்டுமில்லை, உள்ளே இருந்து வந்த கையும் கோயிலை உடைத்தது.

மே 18 அன்று எல்லாம் முடிந்தது. வன்னியில் கடைசிவரை இருந்த சரத்ஜீவன் என்ற இளம் குரு, வெளியேறும் வழியிலேயே உயிரிழந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகள், சரணடைந்தவர்களோடு வட்டுவாகலில் ராணுவத்திடம் போனார். அவர்களோடு பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு பார்த்தவர்கள் இல்லை.

*

யுத்தம் முடிந்த பிறகு இராயப்பு ஜோசப் செய்த ஒரு காரியத்தை நான் ஒரு செபம் என்றே படிக்கிறேன். அவர் கழித்தல் கணக்கு ஒன்று போட்டார்.

2011 ஜனவரியில் அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு முன் சாட்சியம் சொன்னபோது, கச்சேரியின் புள்ளிவிவரத்தையே எடுத்து வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர். இவர்களுக்கு என்ன ஆனது, சொல்லுங்கள் என்றார். இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் என்றார். அந்த எண்ணை மறுத்தவர்கள் உண்டு. ஐ.நா. நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. ஆனால் இதற்குப் பதில் கணக்கை யாரும் ஆள் ஆளாகப் பெயர் சொல்லி வைக்கவில்லை. 2021 ஏப்ரல் 1இல் ஆயர் இறக்கும்போதும் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது.

கத்தோலிக்க வழக்கத்தில் செத்தவர்களுக்கு ஒரு செபம், உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு செபம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள், பூசையில் வாசிப்பார்கள், கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். காணாமல்போனவருக்கு எந்தப் பூசை? கல்லறை இல்லை, தேதி இல்லை. செத்தவர்கள் பட்டியலில் எழுதிக் கொடுத்தால் நாமே சாவை ஒப்புக்கொண்ட மாதிரி. எழுதாமல் விட்டால் அந்த ஆத்துமாவுக்காக யார் செபிப்பது? சைவக் குடும்பத்துப் பெண்கள் பொட்டை அழிக்க மறுத்த அதே தவிப்பு இங்கே பூசைப் பட்டியலாக வருகிறது. 2017இலிருந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ரோட்டோரப் பந்தல்களில் உட்கார்ந்த தாய்மார்கள் மடியில் பிள்ளைகளின் போட்டோவை வைத்துக் கேட்டதும் இதையேதான். பிள்ளை எந்தப் பட்டியலில் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

*

முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மடு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினவர்களில் பாதிப்பேர் சிங்களவர்கள். ராணுவத்தில் இருந்தவர்களில் நீர்கொழும்பு, சிலாபம் கத்தோலிக்கப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய அம்மாக்களும் இதே மாதாவிடம்தான் மகனை முழுசாகத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டிருப்பார்கள். அதே மாலையில் வன்னிப் பதுங்குகுழியில் ஒரு அம்மா அதே செபத்தைத் தமிழில் சொல்லியிருப்பாள். யுத்தகாலம் முழுக்க இலங்கைத் திருச்சபையால் ஒரே குரலில் பேச முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். வடக்கு ஆயர்கள் ஒன்று சொன்னார்கள், தெற்கில் வேறு சொன்னார்கள். ஒரே பூசைப் புத்தகம் இருந்தால் மட்டும் ஒரே துக்கம் வந்துவிடாது.

2015 ஜனவரி 14 அன்று போப் பிரான்சிஸ் காலையில் கொழும்பில் ஜோசப் வாஸைப் புனிதராக அறிவித்துவிட்டு, மத்தியானம் மடுவுக்கு வந்தார். டச்சுக்காரர் காலத்தில் ஒளிந்து வந்த குருவும், டச்சுக்காரர் காலத்தில் ஒளித்துக் கொண்டுவந்த சொரூபமும் ஒரே நாளில் சேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. இரண்டு மொழிக்காரர்களும் அன்றைக்கு அங்கே நின்றார்கள்.

நான்கு வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். தற்கொலைக் குண்டுகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து செத்தார்கள். கோயிலுக்குள் குண்டு விழுந்தால் எப்படி இருக்கும் என்பது தெற்குக்கு அன்றைக்குத் தெரிந்தது. வடக்கில் சிலர் அதைக் கசப்போடு சொன்னார்கள், நிறையப் பேர் சும்மா மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

*

பெயின்டர் அண்ணன் இன்றுவரை மடுவுக்குத் திரும்பிப் போகவில்லை. பாஸ்போர்ட், குடியுரிமை, செலவு என்று ஆயிரம் சிக்கல். அதற்குப் பதிலாக வருஷம் ஒரு தடவை தை மாதத் திருவிழாவுக்கு விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பம் போகிறார். வீரமாமுனிவர் பேரோடு சேர்ந்த பெரியநாயகி மாதா கோயில். "அங்க போய் நிண்டு, 'மடுவில இருக்கிற உங்கட ஆளிட்டச் சொல்லிவிடுங்கோ' எண்டு கேப்பன்" என்று சிரித்தார்.

கடைசி நாள் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சித்தப்பாவைப் பற்றிக் கேட்டேன். அந்த ஒரு போன், 2009 மாசியில் புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வந்தது. பிறகு இல்லை. சித்தி செட்டிகுளம் முகாமில் தனியாக வந்து சேர்ந்தார். சித்தப்பா வரவில்லை.

"முகாமில எங்கட வீட்டில பொழுதுபட்டால் செபமாலை சொல்லுவம். முடிவில பேர் வாசிப்பா அம்மா. உயிரோட இருக்கிற ஆக்கள் முதல்ல, செத்த ஆக்கள் பிறகு. சித்தப்பாட பேரை முதல் பட்டியலிலதான் வச்சிருக்கிறா. பதினாறு வருசமா. ஒருக்கா நான் பிழையா இரண்டாவதில வாசிச்சிட்டன். அம்மா செபத்தை நிப்பாட்டிப்போட்டா. திரும்ப முதல்ல இருந்து சொல்லச் சொன்னா, அம்பத்து மூண்டு மணியும்."

"சொன்னீங்களா?"

"ஓம். சொல்லத்தானே வேணும்."

பெயின்ட் டப்பாக்களை டிவிஎஸ் எக்ஸலின் முன்பக்கம் அடுக்கிக் கட்டினார். ஹெல்மெட்டைப் போடுவதற்கு முன்னால் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.